முழங்கால் உயர அரளி

திருவொற்றியூரில் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் குளிக்க மறைவு கிடையாது. உள்ளே ஒரே அறை, தண்ணீர் வெளியேற வழியில்லை. பின்பக்கம் ஒரு சிமெண்டு மேடை, ஒரு குழாய். அதை அடுத்து தண்டவாளம். ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் ஓரமாகத்தான் நடப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் விடிவதற்கு முன்பே எழுந்து, புடவையோடேயே இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதே மறந்துபோனது.

தட்டி கட்டலாமே என்பீர்கள். கூடாது. எஞ்சின் பொறி பட்டு ஒருமுறை தட்டிகள் எரிந்ததிலிருந்து ஓலை, கோணி எதையும் கம்பெனி விடாது. சுவரும் எழுப்பக் கூடாது. செடி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் சொன்னால், "சீக்கிரமா எழுந்து குளிச்சா போச்சு" என்பார். அவருக்கென்ன, துண்டைக் கட்டிக்கொண்டு தெருக்குழாயில் பாட்டுப் பாடிக் குளிக்கிற மனிதர்.

முதலில் மேடையைச் சுற்றிச் செம்பருத்தி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் ஆடு ஒரே நாளில் அதை மொட்டையடித்தது. அக்கா ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சண்டைக்குப் போன என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாமே, வேலி வெக்கிறியா, ஆட்டுக்கு சோறு வெக்கிறியா? அரளி வை. ஆடு மோந்துகூட பாக்காது. உப்புக் காத்தையும் தாங்கும்."

அவளே எங்கிருந்தோ ஒரு கட்டு செவ்வரளிக் குச்சி ஒடித்து வந்து கொடுத்தாள். நெருக்கமாக நட்டேன். குளித்த தண்ணீரையே அதற்கு விட்டேன். எஞ்சின் புகையில் இலையெல்லாம் கறுத்துப்போகும். ஈரத் துணியால் துடைப்பேன். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டேன். இடுப்பளவு வந்ததும் அடியில் வெறும் தண்டாக நின்றது. "நுனிய வெட்டுமே, அப்பதான் அடியில தழைக்கும்" என்றாள் அக்கா. வளர்ந்ததை வெட்ட மனம் வருமா? அழுதுகொண்டேதான் வெட்டினேன். தழைத்தது.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது வேலி என் தலைக்கு மேலே நின்றது. இலை உதிர்க்காத செடி, எந்த மாதத்திலும் ஓர் ஓட்டை கிடையாது. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், எண்ணெய் தேய்த்துச் சாவகாசமாகக் குளித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தர் கண்ணிலும் நான் படவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தலை நிறைய எண்ணெயோடு, அடுப்பில் வெந்நீர் கொதிக்கக் காத்திருந்தேன். பின்னால் சரக் சரக்கென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பெனித் தோட்டக்காரர் பெரிய கத்தரியோடு நிற்கிறார். பாதி வேலி தரையில் கிடக்கிறது.

"ஐயையோ, என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"பெரிய தொர வூட்டம்மா ரயில்ல போவும்போது பாத்துச்சாம். பூவு அழகா கீதுன்னுச்சாம். லைன் பூரா இதே மாரி வெக்கணுமாம், முழங்கால் ஒசரத்துக்கு, ஒரே மட்டமா. நா இன்னாம்மா பண்றது, ஆர்டரு."

மீதியையும் வெட்டினார். அதற்குள் சங்கு ஊதி, ஷிப்டு விட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் கீழே கிடந்த பூங்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வந்து, "செடிதானே, வளரும்" என்றார். வளரத்தான் செய்தது. தோட்டக்காரரும் மாதம் தவறாமல் வந்தார். வெட்ட வெட்ட இன்னும் நன்றாகப் பூத்தது. எல்லா வீட்டுக்குப் பின்னாலும் வருஷம் முழுக்க அந்தப் பூதான். அதில் ஒன்றைக்கூட நான் சாமிக்குப் பறித்ததில்லை, அவ்வளவு கோபம்.

அன்றைக்குக் கொதித்த வெந்நீர் அடுப்பிலேயே ஆறிப்போனது. எண்ணெய்த் தலையோடேயே படுத்தேன். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து, புடவையோடு இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வந்தேன். எண்ணெய் போகவில்லை.