உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

முதலியார்பேட்டையில் கிறிஸ்துதாஸ் வீட்டு மாடி அறைக்குள் போகிறவர்கள் செருப்போடு இடுப்பு பெல்ட்டையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கிட்டாரை அணைத்து வாசிக்கும்போது பெல்ட்டின் கொக்கி அதன் முதுகைக் கீறிவிடும். வாசிக்கத் தெரியாதவருக்கும் இதே சட்டம்தான். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த ஆள்கூட ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அறையைக் கடந்து போனான்.

சுவரில் எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கின. செருப்பு வைக்கும் அலமாரி ஒன்றில் பெடல்கள் அடுக்கியிருந்தன. காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை வேறாக்கிக் காட்டும் சிறு இரும்புப் பெட்டிகள் அவை. மூலையில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப்கள், தூசி படியாமல் கிழிந்த புடவைகளால் மூடப்பட்டிருந்தன.

கிறிஸ்துதாஸ் மில்லில் எலெக்ட்ரிஷியனாக இருந்தவர். மில் மூடிய பிறகு வீட்டு முன்னறையிலேயே மிக்சி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று பழுதானவற்றுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கிறார். கிட்டாரை யாரிடமும் கற்றதில்லை. கெட்டுப்போனதை வாங்குவார், பிரித்துப் பார்ப்பார், பாட வைப்பார்.

"மத்தவ புருஷனெல்லாம் குடிச்சிட்டு வந்து விழுவான். என் புருஷன் மரக்கட்டையோட வந்து நிப்பாரு" என்பாள் அந்தோணிமேரி. குறை போலச் சொன்னாலும், மூடுகிற புடவைகளைத் தேர்ந்து துவைத்துக் கொடுப்பவள் அவள்தான்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் அந்தச் சிவப்புக் கிட்டார். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடம் வாங்கியது. அதன் மேல்கம்பியை லேசாகத் தட்டினால், கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டது போல் ஓர் ஒலி வரும். அது அடங்கும்போது ஒரு மினுக்கம் இருக்கும். அந்த மினுக்கத்துக்காகத்தான் அவர் அதை வாங்கினார்.

அது குறையத் தொடங்கியது. முதலில் கம்பிதான் மழுங்கிவிட்டது என்று நினைத்தார். இந்தக் கடலோர ஊரில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும்போது கிட்டார் கம்பி எத்தனை நாள் தாங்கும்? புதுக் கம்பி போட்டார். மாற்றமில்லை. உப்புக்காற்று உள்ளே போயிருக்கும் என்று திருகுகளையெல்லாம் கழற்றித் துடைத்தார். ஈயப் பற்றுகளை உருக்கி மறுபடி வைத்தார். ஆம்பில் ஒலியின் கூர்மையைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினார். கொஞ்ச நாளில் இன்னும் ஏற்றினார். பிறகு மற்ற கிட்டார்களும் மந்தமாயின. கடல் ஒன்றையும் விடாது என்று ஜன்னலை டேப் போட்டு ஒட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வீடு திரும்பியதும் பிரேம்குமார் வருவான். தையல் கடைக்காரன், பேஸ் கிட்டார் வாசிப்பான், சின்ன வயதுக் கூட்டாளி.

"உன் சட்டத்துக்குப் பயந்து கைலியிலயே வந்துட்டேன் மச்சான். இதயும் அவுக்கணும்னா சொல்லிடு, இப்பவே போயிடறேன்."

"வாய மூடிட்டு இதக் கேளு. இப்ப எப்படி இருக்கு?"

பிரேம்குமார் ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பான். "சூப்பர்" என்பான்.

கிறிஸ்துதாஸுக்குத் திருப்தியில்லை. கடைசியில் பிக்கப்பில் கை வைத்தார். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் அந்தக் காந்தத்தின் மேல், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். சுற்று குறைந்தால் ஒலி கூர்மையாகும் என்பது அவருக்குத் தெரியும். காயில் சுற்றியே பிழைக்கிறவர் அல்லவா? கொஞ்சம் அவிழ்த்தார். பூட்டினார், வாசித்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம். அவிழ்த்த கம்பி சிக்கலாகித் தரையில் கிடந்தது. அந்தோணிமேரி பெருக்கி வாரிக் கொட்டினாள்.

அதற்கப்புறம் பிரேம்குமார் வருவது நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு கல்யாண ஆர்டர், மறு ஞாயிறு முட்டி வலி. தன்மேல் என்ன கோபமோ என்று கிறிஸ்துதாஸ் வருந்தினார்.

ஒரு சாயங்காலம் பழைய பச்சைப் பெடல் ஒன்றைத் திறந்து ஓர் உதிரிப்பாகத்தை மாற்றினார். மிதித்தாலே 'உஸ்' என்று இரையும் பெடல் அது. மாற்றிவிட்டு மிதித்தார். விளக்கு எரிந்தது. இரைச்சல் இல்லை.

"மேரி! இங்க வா! பச்சைப் பெடல் அடங்கிடுச்சு!"

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் வாசலில் வந்து முகத்தைச் சுளித்தாள்.

"எங்க அடங்குச்சு? சாரைப்பாம்பாட்டம் சீறிக்கிட்டு கெடக்கு. நிறுத்துங்க மொதல்ல."

"விளையாடாதடி."

"எனக்கென்ன விளையாட்டு? காய்ஞ்ச துணிய மடிக்கணும்."

கிறிஸ்துதாஸ் அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பெடலைச் சத்தமில்லாமல் கையால் அழுத்தினார்.

"இப்ப?"

"சீறுது."

மறுபடி அழுத்தினார். "இப்ப?"

"நின்னுடுச்சு."

மாற்றி மாற்றி அழுத்தினார். சில தடவை அழுத்தாமலே கேட்டார். அவள் ஒன்றில்கூடத் தவறவில்லை. அவர் காதில் எப்போதும் ஒரே நிசப்தம். குக்கர் விசில் அவருக்குக் கேட்கும், தெருவில் மீன்காரம்மா கூவுவது கேட்கும், கோயில் மணி கேட்கும். அதனால் காதின் மேல் சந்தேகமே வந்ததில்லை. உச்சியில் இருந்த மெல்லிய ஒலிகள் மட்டும் சொல்லாமல் போயிருந்தன.

மறுநாள் காலையில் தையல் கடைக்குப் போனார். பிரேம்குமார் மிஷினை நிறுத்தினான்.

"உண்மையச் சொல்லுடா. என் கிட்டார் எப்படி இருந்துச்சு?"

பிரேம்குமார் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு கீழே பார்த்தான். "காது கூசுச்சு மச்சான். வீட்டுக்குப் போயும் தலைவலி விடல."

"அப்புறம் எதுக்குடா சூப்பர்னு சொன்ன?"

"நீ அதோட வயித்தக் கிழிச்சு வச்சுக்கிட்டு 'எப்படி'ன்னு கேக்குற. அந்த மூஞ்சிக்கிட்ட என்னன்னு சொல்றது? நல்லாயிருக்குன்னா நீ அதோட விட்டுடுவேன்னு பாத்தேன்." டேப்பை மேஜையில் வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டு. நானும் கூட வரேன்" என்றான்.

கிறிஸ்துதாஸ் தலையாட்டிவிட்டு வந்தார். அன்று முன்னறையில் மோட்டார் எதையும் தொடவில்லை. மாடியில் சிவப்புக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்தோணிமேரியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"நான் ட்ரெபிளைக் குறைச்சிக்கிட்டே வரேன். காதுக்கு இதமா வந்ததும் சொல்லு."

அவர் தட்டினார், குறைத்தார், தட்டினார். வெகுநேரம் கழித்து அவள் கையைத் தூக்கினாள். அந்த இடத்தில் அவருக்குக் கேட்டது, தலையணைக்கு அடியில் யாரோ விரலால் தட்டுவது போன்ற ஒரு சத்தம்.

"உனக்கு நல்லாயிருக்கா?"

"கூசல."

"பழைய மாதிரி இருக்கா?"

அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இல்லைங்க. சன்னமா இருக்கு. சளி பிடிச்சவங்க தொண்டையாட்டம். முன்ன இருந்தது இது இல்ல."

தன் காதில் இல்லாவிட்டாலும் அவள் காதிலாவது அந்த மினுக்கம் இருக்கும் என்றுதான் அவர் உட்கார்ந்திருந்தார். பிக்கப்பின் செம்புக் கம்பியை அவிழ்த்தது தன் கைதான். மறுபடி சுற்றிவிடலாம்; ஆயிரம் காயில் சுற்றிய கைக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் எது சரி என்று எந்தக் காதை வைத்துச் சொல்வது?

"முன்ன எப்படி இருந்துச்சு மேரி?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஏதோ ஒலி எழுப்பிப் பார்த்தாள். அது வரவில்லை.

"சொல்லத் தெரியலைங்க" என்றாள்.

அவர் மேல்கம்பியை இன்னொரு தடவை தட்டினார். அது அடங்குகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.