டம்ளருக்குள் ஓடிய மாப்பிள்ளை வாட்ச்

தாம்பரம் ஸ்டேஷன் சப்வேயில் படியிறங்கும்போதே ஈரச் சிமெண்டும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனை முடிகிற இடத்தில், சுவரோரம் விரித்த நீலத் தார்ப்பாயின் மேல் வாட்சுகள் வரிசையாகப் பளபளக்க, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, அதன் அடியில் ஒரே ஒரு வாட்சைப் போட்டு வைத்திருப்பார்கள். தண்ணீருக்கு அடியிலும் அதன் நொடிமுள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூடக் கொஞ்சம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். நானும் அப்பாவும் எத்தனையோ முறை நின்றிருக்கிறோம். "தண்ணியிலயே ஓடுது பாருடா, அது வாட்சு!" என்று அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோலச் சொல்வார்.

மணி பார்க்க இன்று உங்களுக்கு செல்போன் போதும். ரெண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கையில் வாட்ச் இல்லாவிட்டால் கையே இல்லாத மாதிரி எங்களுக்கு. சேலையூரில் நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் வாட்ச் கட்டாத பையன் கிடையாது. ஒரிஜினல் கட்டிய பையனும் கிடையாது. எல்லாம் சப்வே சரக்கு, எங்கள் பாஷையில் "டூப்பு". அதனால் டூப்பைக் கண்டுபிடிப்பதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள் ஆகியிருந்தோம். மணிக்கட்டில் மாட்டினால் செயின் முடியைப் பிடுங்கும். நேரம் வைக்கிற திருகைத் தொட்டால் லொடலொடவென்று ஆடும். எல்லாவற்றையும்விட, டயலுக்குள் சின்னதாக மூன்று வட்டங்கள் இருக்கும், அவற்றில் சின்னச் சின்ன முட்களும் இருக்கும், பார்ப்பதற்கு விமானம் ஓட்டுகிறவர் கட்டுகிற வாட்ச் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த முட்கள் நகராது. வெறுமனே ஒட்டி வைத்தவை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பொம்மை முள்".

ஒருநாள் என் சிநேகிதன் காதரும் நானும் போய், பேசினுக்குள் கிடந்த அந்த வாட்சையே விலை கேட்டோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கடைய காப்பாத்துற சாமியவே வெல கேக்குறியே! அது விக்கறதுக்கு இல்ல. தண்ணியில கீறது பாக்கறதுக்கு, தட்டுல கீறது கட்டறதுக்கு."

"அப்ப தட்டுல இருக்குறத தண்ணியில போட்டா?" என்று காதர் கேட்டான்.

"நீ ஏன் போடற? குளிக்கறப்போ அவுத்து வெச்சிட்டு குளி!"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம். இதை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய சந்தோஷத்தில் ஏன் கை வைக்கவேண்டும்?

அந்த வருடம்தான் அக்காவுக்கு நிச்சயம் ஆனது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிடுவான். பேச்சு முடிக்கிற அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா, "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சம்பந்தி, வாட்ச் மட்டும் நல்ல பாரின் வாட்சா இருக்கட்டும்" என்றார். சொன்னது ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த வீட்டு மூத்த மருமகள் கொண்டுவந்த பீரோவின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதை, வருடங்கள் போன பிறகும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர்கள் திறந்து காட்டுகிறார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

அப்பா காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி கேண்டீனில் சமையல் வேலை செய்தார். அங்கே முட்டை கொண்டுவந்து போடுகிறவரின் மைத்துனர் துபாயிலிருந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமே சொல்லி ஒரு வாட்ச் வாங்கிவிட்டார். வாங்கியதை யாருக்கும் காட்டாமல், பச்சை வெல்வெட் பெட்டியோடு பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயந்திரம், பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து மண்டபத்தில், தட்டில் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெட்டியைத் திறந்து வாட்சை என் உள்ளங்கையில் வைத்தார்.

"கனத்த பாத்தியா? இன்னா கனம் கனக்குது பாரு! துபாய் சரக்குடா."

கனமாகத்தான் இருந்தது. மூன்று சின்ன வட்டங்களும் இருந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன முட்களையே பார்த்தேன். நகரவில்லை. திருகைத் தொட்டேன், ஆடியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டையில், நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட மறந்து, என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருக்குப்பா" என்றேன்.

நேராக அக்கா இருந்த அறைக்கு ஓடினேன். தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் குனிந்து "டூப்புக்கா" என்றேன். கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாத. நேரா போய் கட்டிட்டு வா. மூஞ்ச மட்டும் இப்படி வெச்சிக்காத, பாக்குறவங்க வாட்ச பாக்குறதுக்கு முன்னாடி உன்னத்தான் பாப்பாங்க."

மேடையில் சேகர் மாமா, அவர்தான் மாப்பிள்ளை, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாட்சை எடுத்ததும் பெரியப்பா, "கொஞ்சம் இரு தம்பி" என்று வாங்கி, காதில் வைத்துக் கேட்டு, கையில் தூக்கிப் பார்த்து, "வெயிட்டாத்தான் இருக்கு. வாட்டர் புரூப்பா சம்பந்தி?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் விட்டிருப்பார். அப்பாதான் விடவில்லை. சப்வே பேசினில் இத்தனை வருடம் பார்த்த நம்பிக்கை அவருக்கு. "கேக்கறதுக்கு இன்னா கீது? தண்ணியில போட்டே பாருங்க சம்பந்தி!" என்று ரோஸ்மில்க் குடித்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைத் தானே அலசி, தண்ணீர் நிரப்பி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். "வேணாம்பா" என்று நான் சொன்னது மேளத்தில் கரைந்துபோனது. உரக்கச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஏன் வேண்டாம் என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வாய் ஏது?

வாட்ச் டம்ளருக்குள் இறங்கியது. மேடையில் இருந்த தலைகள் எல்லாம் குனிந்தன. நொடிமுள் துள்ளித் துள்ளி ஓடியது.

"ஓடுதுய்யா!" என்றார் பெரியப்பா. கீழே கை தட்டினார்கள். அப்பா அதுவரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தார்கள். மாமாவின் மணிக்கட்டில் நான் கொக்கியை மாட்டும்போது கண்ணாடிக்கு உட்புறம் ஓரத்திலிருந்து மெல்லிய ஆவி ஒன்று படர ஆரம்பித்தது, குளிர்ந்த ஜன்னலில் மூச்சு விட்டால் படர்வதுபோல. மாமாவும் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு வாட்சைத் திருப்பி, டயல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி நகர்த்திக்கொண்டு, "நல்லா டைட்டா கட்டு மச்சான்" என்றார்.

முகூர்த்தத்துக்கு முன்பே அது நின்றுவிட்டது என்று பின்னால் அக்கா சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் மாமா அதைக் கழற்றி யார் கையிலும் கொடுக்கவில்லை. அக்காவுக்கு வரவேண்டிய ஒரு பீரோக் கதை அப்படித்தான் வராமல் போனது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அதைக் கட்டிக்கொண்டு வருவார். அப்பாவும் ஒவ்வொரு முறையும் கேட்பார், "டைம் இன்னா மாப்ள?" மாமா மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்து, அப்பாவின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்வார். "வாட்சு எப்படி ஓடுது?" "சூப்பரா ஓடுது மாமா" என்பார் மாப்பிள்ளை. நாங்கள் எல்லோரும் கையிலிருக்கும் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் வருடத்திலேயே சொல்லியிருக்கலாம். முதல் வருடம் போன பிறகு எப்படிச் சொல்வது? அக்காவுக்குத் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

இப்போது சப்வேயில் நீலத் தார்ப்பாய் இல்லை, பேசினும் இல்லை. செல்போன் கவர் விற்கிறார்கள். காதரின் கையில் வாட்ச் இல்லை, என் கையிலும் இல்லை. மாமா மட்டும் எங்கள் வீட்டு மாடிப்படி அடியில் நின்று, பேண்ட் பாக்கெட்டிலிருந்து அந்த வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். "மாமா ஏன் ஓடாத வாட்ச் கட்டுறாங்க?" என்று என் மகள் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தோம். மாமாவும் அக்காவும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். குரல் வந்த பக்கம் திரும்பி, "டைம் இன்னா மாப்ள?" என்றார். மாமா மணிக்கட்டைத் திருப்பினார், பிறகு வழக்கம்போல நிமிர்ந்தார். சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. என்னைப் பார்த்தார். அவர் செல்போனை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், என் செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. என் மகள் வாயைத் திறக்கப்போனாள், அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் தடவி, மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சின் மேல் விரலை வைத்தார்.

"அவுத்து வைங்க மாப்ள. கனமா கீதே, எத்தினி வருசம்தான் தூக்கிகினு வருவீங்க?"