ஆடி கழியட்டும்

மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் தரையோடு தரையாகப் பதித்த பழைய இந்தியன் கக்கூஸ். என் வீட்டுக்காரர் சாகணில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வாங்கின நாளிலிருந்து அந்தக் கக்கூஸின் மேல் அவருக்கு ஒரு பெருமை. யார் வீட்டிலாவது வெஸ்டர்ன் இருந்தால் போதும், "சேர்ல உக்காந்தா பேப்பர் படிக்கலாம், வேற ஒண்ணும் வராது" என்பார். நான் சிரிப்பேன். அவர் முட்டியில் அவ்வளவு நம்பிக்கை எங்கள் இரண்டு பேருக்கும்.

ஆனியில் இங்கே மழை தொடங்கியதும் ஒரு காலையில் அதே கக்கூஸில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இனி ஆயுசுக்கும் குத்தவைத்து உட்காரக் கூடாது. கீழே பாத்திரம் வைத்த நாற்காலி ஒன்றைப் பையன் வாங்கி வந்தான். அதை வேறொருவர் கொட்டிக் கழுவ வேண்டும் என்று தெரிந்ததும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கழுவுகிறேன் என்று சொன்னதற்கு, "நீ கழுவுறதுக்கு, விழுந்த அன்னைக்கே நான் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார். ஆகவே ஊரின் மறுகோடியில், கராடியில், வெஸ்டர்ன் இருக்கும் பையன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் அவரோடு இருந்தேன், நடுநடுவே கசார்வாடிக்கு வந்துபோனேன்.

பையனையும் மருமகளையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கம்பெனி வேலைக்கு நடுவிலும் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பன்னிரண்டாவது மாடியில் ஜன்னல் சாத்திக் கிடந்தால் இவருக்கு மூச்சு முட்டியது. பேத்தி, "தாத்தா, வலி இருக்கா?" என்று தமிழில் ஆரம்பித்து மீதியை இங்கிலீஷில் முடித்துவிட்டு ஓடிவிடுவாள். எங்கள் வீட்டில் பால்கனியில் நின்றால் ஹைவே இரைச்சல் கேட்கும், பட்டறைக்காரர்கள் கீழிருந்து கை காட்டுவார்கள். அந்த இரைச்சல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. சாயங்காலமானால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுடு" என்பார். எப்போதும் அதட்டியே பேசும் மனிதர் அப்படிக் கெஞ்சினார். கக்கூஸை மாற்றினால் அவர் வீட்டுக்கு வரலாம். விஷயம் அவ்வளவுதான்.

எங்கள் தெருவிலேயே கொத்து வேலையும் குழாய் வேலையும் பார்க்கும் ஒரு மிஸ்திரி உண்டு. கேட்டேன். "ஸ்ராவண் வரப்போகுது, நல்ல மாசம். நாளை மறுநாளே உடைக்கிறேன், பாபி" என்று, அண்ணி முறை வைத்து, இந்தியில் சொன்னார். சந்தோஷமாக இவரிடம் வந்து சொன்னேன். இவர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஆடில கடப்பாரை போடுவியா? ஆடி கழியட்டும்."

"அவங்களுக்கு இது ஸ்ராவணாம். நல்ல மாசமாம்."

"அவங்களுக்கு. நமக்கு?"

கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை இவர். ராகு காலத்தில் நேர்முகத்துக்குப் போய் வேலை வாங்கியவர். ஆனால் ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பது மட்டும் எங்கிருந்தோ அவருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. கக்கூஸுக்கு என்ன ஆடி, என்ன ஆவணி என்று சண்டை போட்டேன். "போறவன் நான். நல்லபடியா போகணும்ல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. படுத்துக் கிடக்கிறவரோடு எவ்வளவுதான் மல்லுக்கு நிற்பது? சரி என்றேன். வெஸ்டர்ன் கோப்பையை மட்டும் வாங்கி, அட்டைப்பெட்டியோடு கசார்வாடி வீட்டு ஹாலில் வைத்தேன்.

ஆடி கழிந்தது. மிஸ்திரி வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழ் வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியாத ஒரு சங்கதியை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தப் பழைய கட்டடத்தில் எங்கள் கக்கூஸின் குழாய் எங்கள் தரைக்குள் இல்லை. கீழ் வீட்டு பாத்ரூமின் கூரையில் தொங்குகிறது. அதை அவிழ்க்காமல் மேலே எதையும் மாற்ற முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

கீழ் வீட்டுப் பெண் நல்லவள். என்னைச் சித்தி முறை வைத்துக் 'காக்கு' என்று கூப்பிடுகிற மராத்திப் பெண். தேநீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னாள். வீட்டுக்குக் கணபதி வரப்போகிறார், வெள்ளையடித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது, இந்த நேரத்தில் மேல்வீட்டுக் கக்கூஸ் குழாயைத் திறந்தால் எப்படி? மிஸ்திரியும் தலையாட்டினார். அவரும் கணபதிக்குக் கொங்கணத்தில் தன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு மிஸ்திரியும் கிடைக்காத நாட்கள் அவை. எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பார்க்கிறேனே. எங்கள் ஆடியைக் கணக்குப் பார்த்த நாங்கள் அவர்கள் கணபதியை மறந்துவிட்டோம்.

கணபதியைக் கரைத்தார்கள். கீழ் வீட்டுக்கு ஓடினேன். "பித்ருபக்ஷ சம்பூ தே, காக்கு" என்றாள். பித்ருபட்சம், நம் மகாளயபட்சம், முடியட்டுமாம். மாமனாருக்குத் திதி கொடுக்கும் வீட்டில் அதெல்லாம் கூடாது என்றாள். ஆடி கூடாது என்ற வீட்டிலிருந்து வந்தவள்தானே நான். நவராத்திரி பிறந்ததும் முதல் வேலை உங்களுடையதுதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கராடிக்குத் திரும்பினேன். உள்ளே நுழையும்போதே, "போட்டாச்சா?" என்றார். இல்லை என்றேன். காரணம் சொன்னேன். "சுவத்துல கைப்பிடி வைக்கச் சொன்னியா? வலது பக்கம். என் தோளுக்குக் கொஞ்சம் கீழ" என்றார். சொல்லியிருக்கிறேன் என்றேன். அது உண்மைதான்.

அந்த வாரமே நெஞ்சில் சளி கட்டியது. படுத்தே கிடக்கிறவர்களுக்கு வரும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பித்ருபட்சம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கசார்வாடி வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தோம். ஹாலில் கிடத்த இடம் வேண்டுமென்று அந்த அட்டைப்பெட்டியை யாரோ பால்கனிக்குத் தூக்கிப் போனார்கள்.

கீழ் வீட்டுப் பெண் வந்து அழுதாள். பித்ருபட்சத்தில் போகிறவர்கள் நேராக சொர்க்கத்துக்குப் போவார்கள் என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவருக்கு சொர்க்கம் வேண்டியிருக்கவில்லை. இந்த வீடு வேண்டியிருந்தது. அவள் மேலும் கோபம், மிஸ்திரி மேலும் கோபம், எல்லாரையும் விட ஆடி கழியட்டும் என்ற மனிதர் மேல் கோபம். செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது?

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவளே மேலே வந்தாள். "எப்ப வேணும்னாலும் உடைச்சுக்கோங்க காக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். பையன், "இனிமே எதுக்கும்மா? கடையில திருப்பிக் குடுத்துடலாம்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். மார்கழியும் ஆகாத மாதம்தான். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

பழையதைப் பெயர்த்து, புதிதைப் பதித்து, கீழ் வீட்டில் குழாயைப் பூட்டினார்கள். கடைசியாக மிஸ்திரி கைப்பிடியை எடுத்துக்கொண்டு வந்து சுவரில் வைத்துக் காட்டினார்.

"எந்த உயரத்துல போடட்டும், பாபி? ஒரு தடவை உக்காந்து காட்டுங்க. உங்க கைக்கு அளவு வச்சுக்கறேன்."

நான் உட்காரவில்லை. அவருடைய உயரத்தைச் சொன்னேன். மிஸ்திரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கேயே துளை போட்டார்.

என் கைக்கு அது எட்டத்தான் செய்கிறது. கொஞ்சம் எம்பிப் பிடிக்க வேண்டும்.