வெள்ளை என்று போட்ட டிக்

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்தபோது நடந்தது. நல்ல மார்க் வாங்கிய என் மகள் உமாவுக்கு, 'ஆசியர்களுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன' என்று ஒரு பள்ளியில் சீட் மறுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன ஒதுக்கீட்டை எதிர்த்து இலவசமாக வாதாடும் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். "மறுபடி அப்ளை பண்ணுங்கள். மறுத்தால் கோர்ட்டுக்குப் போவோம்" என்றார்.

ஃபாரத்தில் இனம் கேட்டு ஒரு கட்டம். பக்கத்து வீட்டு சரோஜா ஆன்ட்டி, "முன்னாடி சென்சஸ்ல நம்மளையும் ஒயிட்னுதானே போட்டாங்க? டிக் பண்ணிடு, யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். பண்ணிவிட்டேன்.

"அம்மா, ஐ ஆம் நாட் ஒயிட்!" என்று உமா கத்தினாள். நான் கேட்கவில்லை.

நல்லவேளை, தபாலில் சேர்க்குமுன் வக்கீலம்மா பார்த்தார். "நிறம் பார்க்காதீர்கள் என்று நான் கோர்ட்டில் கேட்கப் போகிறேன். நீங்களே நிறத்தை மாற்றி எழுதினால் யார் நம்மை நம்புவார்கள்?" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டு, வேறு ஃபாரம் அனுப்பினோம். வழக்குப் போடுமுன்பே சீட் கொடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து எந்த ஃபாரத்திலும் அந்தக் கட்டத்தை நான் தொடுவதில்லை. யாராவது கேட்டால், "மார்க் மேலே இருக்கு, அதைப் படிங்க" என்கிறேன்.