அலாரம் அலறாத கார்

இப்படி ஒரு சம்பவத்தை வேறு யாராவது சொல்ல வந்தால், பாதியிலேயே நிறுத்தி "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கிறவள் நான். படித்தது மின்பொறியியல், பார்க்கும் வேலையும் அதுதான். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் இதை நான் அளந்தே பார்த்தேன், அதுதான் சங்கடம்.

நான் வேலை பார்க்கும் சைகோனிலேயே, தாவோ தியென் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் அக்காவும் அத்தானும் குடியிருக்கிறார்கள். அத்தான் ஒரு பழைய கார் வாங்கி, திருட்டுப் பயத்தில் வெளிக்கடையில் அலாரம் மாட்டினார். அதிலிருந்து காலையில் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். பார்க்கிங்கில் இடநெருக்கடி, வண்டிகளைக் காவலாளிதான் நகர்த்தி வைப்பார், அதனால் ஒரு சாவி அவரிடமே இருக்கும். அவரைச் சூ தாம் என்போம். 'சூ' என்றால் சித்தப்பா மாதிரி. அவர்தான் ராத்திரியில் ஏசி போட்டுக் காருக்குள் தூங்குகிறார் என்று அத்தான் முடிவே கட்டிவிட்டார். மறுநாளே குடியிருப்பு நிர்வாகத்திடம் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொடுத்தால் சூ தாமின் வேலையும் போகும், வேலையோடு கொடுத்த அறையும் போகும்.

"ஒரு நாள் பொறுங்க அத்தான், நான் அளந்து பாத்துடுறேன்."

"வந்துட்டாங்கப்பா கரண்ட் ஆபீசரம்மா! எத அளக்கப்போற, அந்தாளு குறட்டையவா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் சூ தாம் மேல் சந்தேகம் இருந்தது. அலாரம் மாட்டியவன் மேல் அதைவிட அதிகம். ஏன், ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிட்டு ஊரைக் குறை சொல்கிறாரோ என்று அத்தான் மேல்கூட.

ஞாயிறு மதியம், நல்ல வெயில். பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரை இணைத்தேன். கதவுகளை மூடி அலாரத்தைப் போட்டேன். இரண்டு சாவிகளும் என் பையில். சூ தாம் அதைக் கவனித்தார்.

"அந்தக் காருக்குள்ள மனுஷன் தூங்குவானா? உங்க அத்தான் வாராவாரம் மீன் வாங்கிட்டு வர்ற வண்டி!" என்றார் வியட்நாமியத்தில். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மீட்டர் மெல்ல இறங்கி நின்றது. அலாரம் குடிப்பது சொற்பம்தான், பேட்டரியைக் கொல்லுமளவு இல்லை. அப்படியானால் யார் என்று சூ தாமைத் திரும்பிப் பார்த்த நேரம், எண் சட்டென்று ஏறியது. ஒரு கதவைத் திறந்தால் எவ்வளவு ஏறுமோ, அவ்வளவு.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே கூரை விளக்கு எரிந்தது. எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. கதவு நிஜமாகத் திறந்திருந்தால் அலாரம் அலற வேண்டும். அலறவில்லை.

அலாரத்தின் ஃபியூஸைப் பிடுங்கினேன், விளக்கு அணையவில்லை. கதவு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எல்லாம் சரி. கதவுகளைத் திறந்து அடித்து மூடினேன், அப்போதும் எரிந்தது. சூ தாம் முகம் வெளுத்துவிட்டது. இரு கைகளையும் கூப்பி, பின் சீட்டைப் பார்த்து, இறங்கிவிடும்படி வியட்நாமியத்தில் மெதுவாகக் கேட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது, நடிக்கிறாரோ என்று. ஆனாலும் எனக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் நானும் கேட்டேன், நம்பினால் நம்புங்கள். ஒன்றும் ஆகவில்லை.

மாடியிலிருந்து அத்தான், "என்னம்மா, திருடன் ஒத்துக்கிட்டானா?" என்று கத்தினார். அதைக் கேட்டதும் என் பொறுமை போய்விட்டது. காரைப் பார்த்துத் தமிழில் பொரிந்து தள்ளினேன்.

"யாரா இருந்தாலும் இறங்குங்க. உங்களால ஒரு மனுஷன் பொழப்பு போகப்போகுது."

விளக்கு அணைந்தது. மீட்டர் பழைய எண்ணுக்கு வந்தது. நான் கதவைத் தொடவே இல்லை.

அத்தானிடம் விளக்கு வயரிங்கில் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்றேன். புகார் நின்றது. சூ தாம் அங்கேயேதான் வேலை பார்க்கிறார். பேட்டரி அதன் பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை.

வயரிங்கில் எனக்குப் பிடிபடாத ஏதோ இருந்தது, தற்செயலாகச் சரியாயிற்று என்று சொல்லிக்கொள்ளத்தான் பார்க்கிறேன். ஆனால் காரை முன்பு வைத்திருந்தவர் யார் என்று விசாரித்தேன். வுங் டாவ் என்ற ஊர்க்காரர், வியட்நாமியர். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அவருக்குத் தெரியாது. சூ தாம் இந்த ஊர் மொழியில் எவ்வளவு மரியாதையாகக் கேட்டார், நானும் கேட்டேன், அசையவில்லை. தமிழில் சொன்ன பிறகுதான் அது காரை விட்டு இறங்கியது.