மூன்று கிலோமீட்டர் கூடுதல்

பெண் கொடுக்க என் வருங்கால மாமியார் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வாசலிலிருந்து என் வீட்டு வாசல் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நானோ சாத்தான்குளத்துக்கும் அந்தப் பக்கம். போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "போன் ஆயிரம் சொல்லும். வண்டி ஓடுனதைக் காட்டுங்க" என்றுவிட்டார்.

அதனால், எங்கள் வீட்டைப் பார்க்க பஸ்ஸில் வந்த பெண்ணின் அப்பாவை, அதாவது மாமாவை, திரும்பும்போது என் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். கிளம்புமுன் மீட்டர் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

பாதி வழியில், "மாப்ள, மீட்டர்ல வேகம் அம்பதுங்குது. வேட்டி பறக்குததப் பாத்தா அறுபது இருக்கும் போலயே வே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்த் தேரி மணலில் புதையாமல் இருக்க, போன மாதம் முன்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தேன். மீட்டர் கேபிள் வருவது அந்தச் சக்கரத்திலிருந்துதான். அதற்குச் சுற்றை எண்ணத் தெரியும், சக்கரம் வளர்ந்தது தெரியாது. பெரிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடிவிடும். மீட்டர் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் சுற்றளவு நடத்துகிறவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வாசலில் போய் நின்றபோது மீட்டர் கணக்கு நாற்பத்தொன்பது. என் மனக்கணக்கு ஐம்பத்துமூன்று.

"நாப்பத்தொம்பது!" என்று மாமா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அத்தை முகம் மலர்ந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் இன்னொரு முகமும் சிரித்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் கல்யாணம். என் வாய் எப்போது சொன்னபேச்சு கேட்டிருக்கிறது?

"அத்தை, மீட்டர் தப்பு. ஐம்பத்துமூணு" என்று, வாசல் மண்ணில் இரண்டு வட்டம் போட்டு விளக்கியே விட்டேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். திரை மூடிக்கொண்டது.

அத்தை வட்டங்களைக் குனிந்து பார்த்தார். "எங்க ஊரு வள்ளியூரு. என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப இவரு எங்க அப்பாகிட்ட, இருபது கிலோமீட்டர்தான், எட்டிப்பிடிச்சிரலாம்னாரு. இன்னைக்கும் அது நாப்பதுக்குக் குறையல. அதுக்குத்தான் மீட்டர் கேட்டேன்."

மாமா உள்ளங்கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார்.

"நீங்க வாசல்லயே உள்ளதைச் சொல்லிட்டீங்க" என்றார் அத்தை. "உள்ள வாங்க. அந்த மூணு கிலோமீட்டரை நான் நடந்துக்கிடுதேன்."