புலிக்கு இல்லாத இரண்டு எலும்புகள்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை எலும்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் ஒடிசல் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது. செத்த விலங்குகளின் எலும்புகளைச் சுத்தம் செய்து, துளையிட்டு, கம்பி கோத்து நிற்க வைப்பது அவள் வேலை. பெரிய கூடத்தின் நடுவில் நிற்கும் புலி எலும்புக்கூடு, அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நிறுத்தியது. இருபத்திரண்டு வருடமாக நிற்கிறது.

அவள் கணவர் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவர். அவருக்கு ஒரு பூனை இருந்தது. கூப்பிடாமல் வந்து, வேளாவேளைக்குத் தின்றுவிட்டு, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். பதினான்கு வருடம் அவர் காலடியில் வெட்டுத்துணிக் குவியலில் தூங்கிய மாப்பிள்ளை ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

கணவர் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எங்க?"

"புலிக்குப் பக்கத்துல நிறுத்தத்தான். ரெண்டுக்கும் ஒரே கட்டுமானம், அளவுதான் வேற. பாக்கறவங்களுக்குப் புரியும்."

அவர் மண்வெட்டி தேடுவதை விட்டார். சட்டைத்துணியில் மிச்சமிருந்த ஒரு மீட்டரைக் கிழித்து, பூனையை அதில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை.

தோல் உரிக்கும் வேலையை அவள் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டாள். அது ஒன்றுதான் அவளால் முடியவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போல. சதை கழன்று வர, தொட்டித் தண்ணீரில் ஆறு வாரம் ஊறியது. பிறகு தண்ணீரை வலைத்துணியில் வடித்து, எலும்புகளைப் பொறுக்கிக் கல்மேஜையில் வரிசையாக வைத்தாள்.

வேட்டைக்காகவே செய்த உடம்பு. முப்பது பல், புலிக்கும் அதே முப்பது. மெல்லுவதற்கு ஒன்றும் இல்லை. கடைவாயில் இருப்பவை கத்திரிக்கோல் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டும். விரல் நுனி எலும்புகள் பின்னால் மடங்கிக்கொள்ளும் வகை. அதனால் நடக்கும்போது நகம் தரையில் படாது, மழுங்காது. நாய் துரத்தி ஓடவைத்துப் பிடிக்கும். பூனைக்கு அந்த மூச்சு கிடையாது. பதுங்கி, ஒரே பாய்ச்சலில் முடிக்க வேண்டும். இரண்டு மூன்று கோடி வருடங்களாக அந்த இனம் இந்த ஒரு வேலையைத்தான் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்துகொண்டு வந்திருக்கிறது. எலிக்காகத் தானியக் கிடங்குகளுக்கு வந்து மனிதனோடு ஒட்டிக்கொண்ட பிறகும் எலும்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

எல்லாம் அடுக்கி முடித்தபோது வலைத்துணியில் இரண்டு துணுக்குகள் மிச்சமிருந்தன. ஊசி போல மெல்லியவை, லேசாக வளைந்தவை. மீன்முள் என்று தட்டிவிடப் போனாள். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தன.

புத்தக அலமாரிக்குப் போய்ப் பார்த்தாள். காறையெலும்பு. மனிதனுக்குத் தோளையும் மார்பையும் பூட்டி வைத்திருப்பது. பூனை இனத்தில் அது எந்த எலும்போடும் சேராமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால்தான் தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழைகிறது. காலை நன்றாக நீட்டி எட்டு வைக்க முடிகிறது. குதிக்கும் அதிர்ச்சியைத் தசையே வாங்கிக்கொள்கிறது.

புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். புலியைச் சுத்தம் செய்த நாளில் விரல் நீளத்துக்கு இரண்டு எலும்புகள் மிச்சமானது நினைவு வந்தது. எதோடும் பொருந்தாததால், அது தின்ற இரையுடையது என்று நினைத்துக் குப்பையில் போட்டவள் அவளேதான்.

அருங்காட்சியகக் காப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளைவிட வயதில் சின்னவர்.

"இத்தனை வருஷத்துல யாராவது கேட்டாங்களா அக்கா?"

"கேக்கல சார்."

"அப்புறம் ஏன் நாமளே சொல்லிக்கணும்? மெழுகுல ரெண்டு செஞ்சு, எலும்பு நிறத்துல பெயிண்ட் அடிச்சு மாட்டிடுங்க."

"மாட்டறேன் சார். பெயிண்ட் வேண்டாம்."

மாப்பிள்ளையின் துணுக்குகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தும், புத்தகத்தில் இருந்த அளவைக் கொண்டும், மரத்தில் இரண்டு செதுக்கினாள். மர நிறத்திலேயே விட்டாள். மெல்லிய கம்பியில், எதையும் தொடாமல், புலியின் தோளுக்கு முன்னால் தொங்கவிட்டாள். கீழே அட்டையில் எழுதினாள்: "இவ்விரண்டும் மரம். அசல் எலும்புகள், இதை நிறுத்தியவரின் தவறால் தொலைந்தன."

மறுநாள் அட்டையில் 'இதை நிறுத்தியவரின் தவறால்' என்பதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அவள் அதை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். மூன்றாம் நாளும் ஒட்டியிருந்தது, மூன்றாம் நாளும் எடுத்தாள். நான்காம் நாள் காப்பாளர் எதிரே வந்தார்.

"உங்க பேருக்குத்தான் அக்கா கெடுதல்."

"என் பேரை நான் எழுதலையே சார்."

அதற்குமேல் யாரும் தாள் ஒட்டவில்லை.

பூனையையும் புலிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு மாதம் கழித்து, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கணவர் வந்தார். அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. புலியை அவர் பார்க்கக்கூட இல்லை. பூனைக்கு முன்னால் குனிந்து, வால் நுனியில் இருந்த கோணலைப் பார்த்தார்.

"கதவுல மாட்டினது. இதை நிமித்தலையா?"

"அது அப்படித்தானே இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். கூடம் மூடும் மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு இருவரும் பஸ் பிடிக்கப் போனார்கள்.